ஃபோர்ட் கொச்சி: ஒன்றும் வாங்காமல், படம் பார்ப்பதற்காக மட்டும் போகலாமா?

செங்கோட்டைச் சாரல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் செங்கோட்டையில் வசிப்பவள். என் தந்தை அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அவருக்கு 69 வயது. பக்கத்திலிருக்கும் குற்றாலத்துச் சித்திரசபையின் சுவரோவியங்களைப் பார்த்துப் பார்த்தே தாம் கோடு போடக் கற்றுக்கொண்டதாகச் சொல்லுவார். மட்டாஞ்சேரி அரண்மனையில் இருக்கும் இராமாயண ஓவியங்களை ஒரு முறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் கேரளம் என்கிற ஊரில் பிறந்து வளர்ந்தும், சபரிமலைக்கும் திருவனந்தபுரத்து மருத்துவமனைகளுக்கும் போய்வந்தோமே தவிர, கொச்சியை இதுவரை நாங்கள் பார்த்ததில்லை. வருகிற புரட்டாசியில், இங்கே சீசன் கூட்டம் வடிந்த பிறகு, இரண்டு நாள் தங்கிப் பார்த்து வரலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

என் தயக்கம் பயணத்தைப் பற்றியதன்று, அந்த இடத்தைப் பற்றியது. ஃபோர்ட் கொச்சி என்று தேடினால் வருகிற படங்களில் எல்லாம் வெள்ளையடித்த பழைய மாளிகைகளும், அவற்றுக்குள் ஓவியக்கூடங்களும், முற்றத்தில் நாற்காலி போட்ட காபிக் கடைகளுமே தெரிகின்றன. அங்கே அமர்ந்திருப்பவர்களைப் பார்த்தால் வெளிநாட்டவராகவோ பெருநகரத்துச் செல்வந்தராகவோ இருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெருநகரத்து ஓவியக்கூடத்துக்கு அப்பா வேட்டியும் துணிப்பையுமாகப் போனபோது, வாசலில் நின்றவர் "யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டார். படம் பார்க்க வந்ததாக அப்பா சொன்னதும் உள்ளே விட்டார்கள்தான். ஆனால் ஐந்து நிமிடத்தில் அவர் வெளியே வந்துவிட்டார். அதற்குப் பிறகு இன்றுவரை எந்த ஓவியக்கூடத்தின் படியையும் அவர் ஏறவில்லை.

ஆகவே அந்த ஊரை நன்கு அறிந்தவர்களிடம் கேட்கிறேன். எதையும் வாங்கும் எண்ணமில்லாமல், பார்ப்பதற்காக மட்டும் அந்தக் கூடங்களுக்குள் நுழையலாமா? இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அங்கே நடக்கும் பினாலே என்ற கலைக் கண்காட்சி இல்லாத காலத்தில் பார்க்க ஏதேனும் மிஞ்சுமா? அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும்? இன்னொரு கூச்சமும் இருக்கிறது. சாரல் காலத்தில் எங்கள் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும் வெளியூர் வண்டிகளைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறவர்கள் நாங்கள். அப்படியிருக்க, இன்னொருவர் தெருவில் நாமே போய் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பதை நினைத்தால் என்னவோ போல் இருக்கிறது.


கொழிஞ்சாம்பாறை வாசி எழுதியது:

அம்மணி, வணக்கம். வேலை நிமித்தமாக ஆறு ஆண்டுகள் மட்டாஞ்சேரியில் குடியிருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் கிழமையைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள், மற்றவை தாமாக அமையும். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதற்கு அடுத்திருக்கும் யூதர் தேவாலயம் சனிக்கிழமை திறக்காது. வார இறுதி என்று நினைத்துக்கொண்டு வெள்ளியும் சனியுமாக வருகிறவர்கள் பாதியைப் பார்க்காமல் திரும்புவதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். செவ்வாய் முதல் வியாழன் வரையிலான நாட்களில் வந்தால் கூட்டமும் குறைவு.

உங்களுக்குப் பாலருவி விரைவு ரயிலே போதும். நள்ளிரவுக்குப் பிறகு செங்கோட்டையைக் கடந்து காலையில் எர்ணாகுளத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் பாலங்கள் வழியாகச் சாலையிலும் போகலாம். ஆனால் நான் சொல்வது நீர்வழி. உயர் நீதிமன்றத்துக்கு அருகிலிருக்கும் வாட்டர் மெட்ரோ நிலையத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு 2024 ஏப்ரலில் படகு விடத் தொடங்கினார்கள். அப்போது வைத்த கட்டணம் 40 ரூபாய். அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் பழைய படகில் இதைவிட மிகக் குறைந்த செலவில் போய்விடலாம் என்றாலும், அதில் கால் எட்டி வைத்து இறங்க வேண்டும். வாட்டர் மெட்ரோவில் மிதக்கும் மேடையும் படகின் தளமும் ஒரே மட்டத்தில் இருப்பதால் முழங்கால் வலிக்காரருக்கு அதுவே நல்லது. இறங்கும் இடமும் சீனவலைகள் என்னும் பெரிய மீன்பிடி வலைகளுக்கு அருகிலேயே அமைந்திருக்கிறது.

ஓவியக்கூடங்களைப் பற்றிக் கேட்டீர்கள். பரேட் மைதானத்தின் ஓரத்தில் டேவிட் ஹால் இருக்கிறது. அது டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய வீடு. மலபாரின் செடிகொடிகளைப் பன்னிரண்டு தொகுதிகளாகப் படத்தோடு பதிப்பித்த டச்சு ஆளுநர் வான் ரீடின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. இப்போது முன்பக்கம் ஓவியக்கூடம், பின்பக்கத் தோட்டத்தில் உணவகம். கால்வத்தி சாலையிலுள்ள பெப்பர் ஹவுஸ், பெயருக்கேற்ப மிளகு முதலிய சரக்கு வைத்திருந்த கிடங்கு. நடுவே புல்வெளி, ஒரு பக்கம் கடல். பர்கர் தெருவில் இருக்கும் காஷி ஆர்ட் கஃபேயில் ஓவியம் மாட்டிய சுவருக்குக் கீழேயே அமர்ந்து காபி குடிப்பார்கள். இந்த இடங்களில் எதையாவது வாங்கியாக வேண்டும் என்று யாரும் நிற்பதில்லை. சும்மா நுழைந்து, பார்த்துவிட்டு, வந்துவிடலாம். காபியின் விலையைக் கேட்டால் அப்பா முகம் சுளிப்பார், அதற்கு மட்டும் ஆயத்தமாக இருங்கள். ஆனாலும் ஒரு முறை அங்கே அமர்ந்து குடிப்பதில் தவறில்லை என்பது என் எண்ணம்.

ஓர் எச்சரிக்கை. சில ஆட்டோக்காரர்கள் மிகக் குறைந்த வாடகையில் ஊரைச் சுற்றிக் காட்டுவதாக அழைப்பார்கள். ஏறினால், தரகு கொடுக்கும் கைவினைக் கடைகளாகப் பார்த்து நிறுத்துவார்கள். ஒவ்வொரு கடையிலும் பத்து நிமிடம் சால்வை பார்த்தாக வேண்டும். யூதர் தெருவில் பழம்பொருள் என்று விற்பவற்றிலும் நேற்றுச் செய்து இன்று தூசி பூசியவை நிறைய. அரண்மனையிலிருந்து திரும்பும்போது சாலையோரத்துச் சுக்கு, மிளகுக் கிடங்குகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு பஜார் சாலை வழியாக நடந்தே ஃபோர்ட் கொச்சிக்கு வந்துவிடலாம். ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர்தான்.


மார்த்தாண்டம் ஓவியன் எழுதியது:

உங்கள் தந்தையாரின் தொழிலைச் செய்துகொண்டிருப்பவன் நான். ஆகவே அவருக்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். எங்கள் பக்கத்துப் பத்மநாபபுரம் அரண்மனை, கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தாலும் கேரள அரசின் தொல்லியல் துறையிடம் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கும் உயர்ந்த சுவரோவியங்கள் உண்டு, ஆனால் அவை இருக்கும் மேல்மாடிக்குப் பொதுமக்களை விடுவதில்லை. அந்த ஏக்கத்தோடுதான் நான் முதன்முதலாக மட்டாஞ்சேரிக்குப் போனேன்.

அதை டச்சு அரண்மனை என்று சொன்னாலும், 1555ஆம் ஆண்டளவில் கட்டி, கொச்சி மன்னர் வீரகேரள வர்மாவுக்குக் கொடுத்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய பிறகு டச்சுக்காரர்கள் அதைப் பழுது பார்த்தார்கள். பெயர் அவர்களோடு ஒட்டிக்கொண்டது. வெளியிலிருந்து பார்த்தால் ஐரோப்பியச் சுவராகவும், உள்ளே நடுமுற்றத்தில் பகவதி கோயிலோடு கூடிய, நாலுகெட்டு என்னும் கேரள பாணி வீடாகவும் இருக்கும். படியேறி மாடிக்குப் போனதும், மற்ற அறைகளில் இருக்கும் பல்லக்கையும் அரசர்களின் படங்களையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, நேராக அரசரின் படுக்கையறையான பள்ளியறைக்குப் போய்விடுங்கள். தசரதனின் புத்திரகாமேஷ்டி தொடங்கி இராமன் அயோத்திக்குத் திரும்புவது வரையிலான கதை அந்த அறையின் சுவர்களில் இடைவெளி இல்லாமல் ஓடுகிறது.

இடைவெளி இல்லாமல் என்று நான் சொல்வதை அப்பா கவனிக்க வேண்டும். நம் பக்கத்துக் கோயில் ஓவியங்களில் பட்டைபட்டையாகப் பிரித்து, கீழே எழுத்தும் எழுதி, ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் மூச்சு விட இடம் கொடுத்திருப்பார்கள். கேரளத்துக்காரர் அந்த மூச்சைக் கொடுப்பதில்லை. ஓர் உருவத்தின் தோளுக்கும் இன்னொன்றின் மகுடத்துக்கும் நடுவே மிஞ்சுகிற விரற்கடை இடத்தையும் ஒரு பூவோ மானோ அடைத்துக்கொண்டிருக்கும். சுண்ணாம்புப் பூச்சு காய்ந்த பிறகு தீட்டும் முறை அது. மஞ்சள், சிவப்பு, பச்சை, கறுப்பு, சுவரின் வெள்ளை என்று ஐந்தே வண்ணங்கள். காவி மஞ்சள் கோட்டில் உருவத்தை நிறுத்தி, வண்ணங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி, விளக்குக் கரியால் கறுப்புக் கோட்டைக் கடைசியில் இழுப்பார்கள். சாத்துவிக குணமுடைய தெய்வத்துக்கும் நாயகனுக்கும் பச்சை மேனி என்பது அந்த மரபின் வழக்கம். கதகளியில் நாயக வேடத்துக்குப் 'பச்சை' என்று பெயர் வந்ததை அதோடு சேர்த்துப் பார்த்தால் தெளிவாகும். மாலையில் ஃபோர்ட் கொச்சியில் கதகளி நடத்தும் அரங்குகளில், ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே சென்றால் முகத்தில் அந்தப் பச்சை ஏறுவதை அருகில் அமர்ந்து பார்க்கலாம். காலையில் சுவர், மாலையில் முகம் என்று ஒரே நாளில் இரண்டையும் பார்க்கச் சொல்லுவேன்.

அடுத்து, இந்த ஊருக்கு ஓவியம் எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொண்டு போனால் கூச்சம் பாதி போய்விடும். அந்த மாளிகைகள் ஓவியத்துக்காகக் கட்டியவை அல்ல. ஆஸ்பின்வால் ஹவுஸ் 1867இல் தொடங்கிய ஓர் ஆங்கிலேய வணிக நிறுவனத்தின் இடம்; தேங்காய் எண்ணெயும் மிளகும் இஞ்சியும் மஞ்சளும் ஏற்றுமதி செய்தவர்கள். 1920களிலும் 30களிலும் துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ கப்பல் வழியை ஆழப்படுத்தி, தோண்டிய மண்ணைக் கொட்டி வெல்லிங்டன் தீவை உருவாக்கி, துறைமுகத்தை அங்கே கொண்டுபோனார். காயல் கரையிலிருந்த கிடங்குகள் கொஞ்சம் கொஞ்சமாக வேலை இழந்தன. அப்படி வெறிச்சோடிக் கிடந்த உயரமான கூடங்களைக் கண்ட கலைஞர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் 12-12-2012 அன்று கொச்சி முசிறிஸ் பினாலேயை முதன்முறையாகத் தொடங்கினார்கள். சங்கப் பாடல்களில் மிளகுக்குப் பொன் கொண்டுவந்த கப்பல்கள் நின்ற நம் முசிறிதான் அந்தப் பெயரில் இருப்பது. பழைய முசிறி என்று கருதப்படும் பட்டணம் என்ற ஊரின் அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளையே பரப்பி விவான் சுந்தரம் அந்த முதல் பினாலேயில் ஒரு படைப்பு செய்திருந்தார்.

2014இல் சிற்பி அனிஷ் கபூர் ஆஸ்பின்வால் ஹவுஸின் ஓர் அறையில், தரையில் ஒரு கரிய நீர்ச்சுழலை வைத்திருந்தார். தண்ணீர் ஓயாமல் சுழன்று உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும், வெளியே ஜன்னல் வழியாகக் கடல் தெரியும். அடுத்த பினாலேயில் சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சுரிதா ஒரு கிடங்கு முழுவதும் முழங்கால் அளவு கடல்நீரை நிரப்பி, அதற்குள் நடந்துபோய் எதிர்ச்சுவரில் இருந்த வரிகளைப் படிக்க வைத்தார். கடலில் இறந்த ஓர் அகதிக் குழந்தைக்காகச் செய்தது அது. எனக்கு முன்னால் அந்த நீரில் இறங்கியவர், மடித்துக் கட்டிய லுங்கியை இன்னும் கொஞ்சம் தூக்கிக் கட்டிக்கொண்ட ஒரு சுமைத் தொழிலாளி. வெள்ளைக் கால்சட்டை போட்டு வந்த நான்தான் தயங்கி நின்றேன். வேட்டியைக் கண்டு "யார் நீ" என்று கேட்பதற்கு அது வேட்டி கட்டாத ஊரா என்ன?

பினாலே பொதுவாக டிசம்பரில் தொடங்குவது; புரட்டாசியில் ஆஸ்பின்வால் ஹவுஸின் கதவு மூடியிருக்கும். அதனால் வருந்த வேண்டாம், தெருச் சுவர்களில் எஞ்சியிருக்கும் ஓவியங்களே ஒரு காலை நேரத்துக்குப் போதும். காபிக் கடை விஷயத்தில் மட்டும் கொழிஞ்சாம்பாறை ஐயாவோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காசுக்கு நல்ல தூரிகை ஒன்று வாங்கலாம்.


வெளி மைதானத்துப் பக்கம் எழுதியது:

நான் ஃபோர்ட் கொச்சியில் பிறந்தவன், வெளி என்னும் பகுதியில் குடியிருப்பவன். எங்கள் வீட்டில் தமிழ்தான் பேசுவோம். எழுதப் படிக்கத் தந்தையிடம் கற்றுக்கொண்டேன். டச்சுக்காரர்கள் காலத்தில் சிப்பாய்களின் உடுப்பு வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழியில் வந்தவர்கள் நாங்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லுவார்கள். முன்பு குளங்களில் துவைத்தார்கள். 1976இல் கொச்சி வளர்ச்சிக் குழுமம் வெளிப் பகுதியில் தோபிக்கானா என்னும் பொதுச் சலவைக்கூடம் கட்டிக்கொடுத்தது. இப்போது அதுவும் சுற்றுலாப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

உங்கள் கேள்வியில் கடைசியாக நீங்கள் எழுதியிருந்த கூச்சத்தைப் படித்த பிறகுதான் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. படம் எடுக்க வருகிறவர்கள் எங்களிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஒருவர் துவைகல்லின் முன் குனிந்து நின்றால், அவருடைய முகத்துக்கு ஒரு முழத் தொலைவில் கேமராவை நீட்டுகிறார்கள். இன்னும் ஒரு முறை ஓங்கி அடியுங்கள், தண்ணீர் தெறிக்கட்டும் என்று கையைக் காட்டுகிறார்கள். ஓவியக்கூடத்துக்குள் படத்தைத் தொடக் கூடாது என்று அறிந்தவர்களுக்கு இது தெரியாமல் போவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. அதற்காக வராதீர்கள் என்று சொல்லவில்லை. காலை ஒன்பது மணி போல வாருங்கள், உள்ளே வரலாமா என்று கேளுங்கள், எந்த ஊர் என்று சொல்லுங்கள். செங்கோட்டை என்று தமிழில் சொன்னால் உட்காரச் சொல்லுவார்கள்.

அங்கே பார்ப்பதற்கு இருப்பது துவைப்பது மட்டுமன்று. இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டி, அந்த முறுக்குக்கு நடுவே துணியின் முனையைச் செருகிவிடுவோம். எத்தனை காற்று அடித்தாலும் விழாது, கிளிப் என்ற பேச்சே இல்லை. பருத்திக்குச் சோற்றுக் கஞ்சி. தேய்ப்பதற்குச் சிரட்டைக் கரி போட்ட பழைய இரும்புப் பெட்டியை இன்னும் சிலர் வைத்திருக்கிறார்கள். ஓவியர் ஒருவர் அமர்ந்து வரைவதற்கு, வெள்ளைத் துணிகள் வரிசையாக ஆடும் அந்தத் திடலைப் போல ஓர் இடம் பிரின்சஸ் தெருவில் கிடைக்காது என்று நான் சொன்னால், சொந்த இடத்துப் பெருமை என்று எண்ண மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கொழிஞ்சாம்பாறை ஐயா சொன்னவற்றில் ஒரு திருத்தம். முழங்கால் வலியுள்ளவரைப் பஜார் சாலையில் இரண்டு கிலோமீட்டர் நடக்க வைக்காதீர்கள். நடைபாதை இல்லாத குறுகிய சாலை. ஒரு பக்கம் லாரியில் மூட்டை ஏற்றுவார்கள், இன்னொரு பக்கம் ஸ்கூட்டர்கள் ஒதுங்கும். மழை பெய்தால் தேங்கிய தண்ணீரில் கால் வைக்கும் இடம் தெரியாது. அரண்மனைக்கு ஆட்டோவிலேயே போய், ஆட்டோவிலேயே திரும்புங்கள். ஏறும்போதே நடுவில் எந்தக் கடையிலும் நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் வரும் மாதத்தில் பிற்பகலில் இடியோடு மழை பிடிக்கக்கூடும். காலையில் திறந்தவெளி, மாலையில் கூரையுள்ள இடம் என்று வைத்துக்கொண்டால் நனைய வேண்டியதில்லை.

தங்குவதற்குப் பெரிய விடுதி வேண்டாம், வீட்டோடு அறை விடும் ஹோம்ஸ்டே எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. முன்பதிவு செய்யும்போது தரைத்தள அறை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்; பழைய வீடுகளின் மரப்படி செங்குத்தாக இருக்கும். அந்த அறைகளைப் பற்றியும் ஒரு சொல். என் சிறு வயதில் எங்களோடு விளையாடியவர்களின் வீடுகளில் பாதி இன்று ஹோம்ஸ்டேயாகவோ கடையாகவோ ஆகிவிட்டது, அந்தக் குடும்பங்கள் தோப்பும்படிக்கும் பள்ளுருத்திக்கும் போய்விட்டன. ஊர் அழகாகிவிட்டது, வாடகையும் அழகாகிவிட்டது. இதில் உங்களுக்குக் குற்றம் ஏதுமில்லை. வீட்டுக்காரர்கள் தாங்களே குடியிருக்கும் வீடாகப் பார்த்துத் தங்குங்கள், அது போதும்.

உணவுக்கு மட்டாஞ்சேரியில் காயீஸ் பிரியாணிக் கடை இருக்கிறது. மதியம் தாமதித்தால் தீர்ந்துவிடும். உங்கள் பக்கத்துப் பார்டர் புரோட்டாவோடு அதை ஒப்பிட்டுச் சண்டைக்கு வர வேண்டாம்.


செங்கோட்டைச் சாரல் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. பதில்களை அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். கறுப்புக் கோடு கடைசியில் வருகிறது என்ற வரியின் கீழ் அடிக்கோடு போட்டிருக்கிறார். அரண்மனைக்குள் அமர்ந்து பென்சிலால் வரைய விடுவார்களா என்று கேட்கச் சொன்னார். யூதர் தேவாலயத்துக்கும் போக வேண்டுமா, அல்லது அந்த நேரத்தையும் பள்ளியறையிலேயே கழிக்கலாமா?


மார்த்தாண்டம் ஓவியன் எழுதியது:

வரைவதைப் பற்றி நுழைவாயிலில் இருக்கும் காவலரிடம் முன்னதாகவே கேட்டுவிடுங்கள். நான் கேட்டபோது, கூட்டத்துக்கு இடைஞ்சலில்லாமல் சுவரிலிருந்து தள்ளி நின்று சிறிய நோட்டில் வரைந்துகொள்ளச் சொன்னார். கூட்டம் சேர்ந்தால் அந்த அறையில் நிற்கவே இடம் இருக்காது, ஆகவே திறந்தவுடன் முதல் ஆளாக நுழைவது நல்லது.

தேவாலயத்தைத் தவிர்க்காதீர்கள். 1568இல் கட்டியது, தரை முழுவதும் கையால் நீலம் தீட்டிய சீன ஓடுகள். செருப்பை வெளியே விட்டு அந்த ஓடுகளின் மேல் நடக்கும்போது, மேலே தொங்கும் கண்ணாடி விளக்குகளை எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். அப்பா குனிந்து தரையைப் பார்ப்பார் என்று நினைக்கிறேன். ஃபோர்ட் கொச்சியிலுள்ள புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் வாஸ்கோ ட காமாவை 1524இல் புதைத்த இடத்தைக் காட்டுவார்கள். எலும்புகளை ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். எனக்கு அங்கே பிடித்தவை கூரையிலிருந்து தொங்கும் கயிற்று விசிறிகள்தான். பத்து நிமிடம் போதும்.


கொழிஞ்சாம்பாறை வாசி எழுதியது:

பஜார் சாலை விஷயத்தில் வெளிக்காரத் தம்பி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நான் நடந்தது முப்பது வயதுக் காலால். இன்னொன்று, சீனவலையருகே வலை இழுக்க வாருங்கள் என்று அன்பாக அழைப்பார்கள். இழுத்து முடித்ததும் காசு கேட்பார்கள். கொடுப்பதானால் எவ்வளவு என்று முன்பே பேசிக்கொண்டு இழுங்கள். கல் கட்டிய அந்த மரச்சட்டம் காயலுக்குள் சாய்ந்து இறங்கி எழுவதைத் தள்ளி நின்று பார்ப்பதற்குக் காசு இல்லை.


செங்கோட்டைச் சாரல் எழுதியது:

போய் வந்துவிட்டோம். எப்படி இருந்தது என்று எழுதுகிறேன்.

புதன்கிழமை காலை அரண்மனை திறந்ததும் நுழைந்தோம். அப்பா பள்ளியறையில் ஒரே சுவரின் முன்னால் வெகுநேரம் நின்றார். நான் மற்ற அறைகளையெல்லாம் சுற்றிவிட்டு வந்து பார்த்தபோதும் அதே இடத்தில்தான் இருந்தார். கூட்டம் வரத் தொடங்கியதால் வரையவில்லை. வெளியே முற்றத்துத் திண்ணையில் அமர்ந்து, நினைவிலிருந்து ஒரு குரங்கின் கையை மட்டும் வரைந்தார். சித்திரசபையில் கோடு நிதானமாகப் போகும், இங்கே கோடு அவசரப்படுகிறது, ஆனால் தவறுவதில்லை என்றார். தேவாலயத்தில் அவர் தரையைத்தான் பார்த்தார்.

பிற்பகல் மழைக்கு ஒதுங்குவது போல டேவிட் ஹாலுக்குள் நுழைந்தோம். வாசலில் அப்பா துணிப்பையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டதைக் கவனித்தேன். உள்ளே மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்த பெண் நிமிர்ந்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத் தம் வேலையைப் பார்த்தார். அரை மணி நேரம் இருந்தோம். வெளியே வந்ததும் அப்பா, "யாருமே ஒன்றும் கேட்கவில்லையே" என்றார். ஊரிலிருந்தே ஆயத்தம் செய்துகொண்டு வந்த பதில் வீணானதைப் போல இருந்தது அவர் குரல். காபி குடித்தோம். விலையை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை வெளிப் பகுதியின் தோபிக்கானாவுக்குப் போனோம். வாசலில் நின்று கேட்டு, ஊர்ப் பெயரைச் சொன்னதும், ஒரு பெரியவர் கவிழ்த்து வைத்திருந்த வாளியைக் காட்டி அப்பாவை அமரச் சொன்னார். மதியம் வரை அங்கேதான் இருந்தோம். மீதமிருந்த இரண்டு ஓவியக்கூடங்களுக்கும் போக நேரமில்லாமல் போனது. அப்பாவுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. காய்கிற துணிகளையும் கயிற்றையும் அவர் வரைந்த தாளை அந்தப் பெரியவர் வாங்கிப் பார்த்துவிட்டு, துணியெல்லாம் சரிதான், கயிற்றின் முறுக்கு மட்டும் எதிர்ப்பக்கமாகப் போயிருக்கிறது என்றார். அப்பா எழுந்து போய்க் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அவர் சொன்னதுதான் சரி.

ஊருக்கு வந்து ஒரு வாரமாகிறது. கொல்லையில் இரண்டு தேங்காய் நார்க் கயிறுகளை முறுக்கிக் கட்டி, அதில் தம் வேட்டியைச் செருகிக் காயப்போட்டுவிட்டு, எதிரே நாற்காலி போட்டு அதே படத்தைத் திரும்ப வரைந்துகொண்டிருக்கிறார். வேட்டி இரண்டு முறை கீழே விழுந்துவிட்டது. அம்மா கிளிப் டப்பாவைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். வெளிக்கார அண்ணன் இதைப் படித்தால், செருகுவதற்கு முன்பு முறுக்கை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அந்தப் பெரியவரிடம் கேட்டு எழுத முடியுமா?